ஏணி பிடித்தவர்கள்

எங்கள் கப்பல் அந்த ஊரைவிட உயரம்.
பதினோராம் தளத்தில் காபி குடித்தபடி
தேவாலயக் கோபுரத்துத் தகரச் சேவலை
நேருக்கு நேர் பார்த்தேன்.
கரையிறங்க ஐந்து மணி நேரம் தந்தார்கள்,
சட்டையில் ஒட்டிக்கொள்ள ஓர் எண்ணும்.
பதினான்கு.

ஷூ கயிற்றை முடியக் குனிந்து நிமிர்வதற்குள்
பதினான்காம் குழு எங்கோ திரும்பிவிட்டது.
நான் மேட்டுப் பக்கம் ஏறினேன்.

பூட்டிய தபால் நிலையம்.
கவிழ்த்துப் போட்ட படகின்மேல்
காயவே போகாத ஒற்றைக் கையுறை.
மழை என்று சொல்ல முடியாத மழை:
குடை விரித்தால் நிற்கும், மடக்கினால் தொடங்கும்.
மீன்கிடங்கின் ஜன்னல் விளிம்புதோறும் கடற்பறவைகள்,
பாகப்பிரிவினை போல ஒரே இரைச்சல்.
மனிதக் குரல் மட்டும் இல்லை.

பிறகு ஒன்று, தலைக்கு மேலிருந்து:
"அவசரமாகப் போகிறீர்களா?"

ஏணியில் ஒரு பெண், கையில் மஞ்சள் பெயின்ட்.
இல்லை என்றேன்.
"அப்படியானால் பிடியுங்கள்."

பிடித்தேன். சரிவான தெரு.
ஏணிக்கு ஒரு கால் கல்லில்,
ஒரு கால் மடித்த சாக்கில்.
அவள் பெயர் யோருன். கணவன் ஓட்வார்
எண்ணெய் மேடையில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவான்.
நடுக்கடலில் கம்பம் ஏறுகிறவன்
வீட்டு ஏணியைக் கண்டால் தலை சுற்றுகிறதாம்.

"கப்பல் வரும் நாளில்தான் பெயின்ட் அடிக்கிறேன்" என்றாள்,
கொஞ்சமும் கூச்சமில்லாமல்.
சமையலறைச் சுவருக்கு பவேரியாவின் பல் மருத்துவர்.
வாசல் பக்கம் ஒசாகாவின் இரு சகோதரிகள்,
ஆளுக்கொரு கால்.
கொல்லைப்புறத்தை ஒரு நீதிபதி பிடித்தார்.
"பேசிக்கொண்டே இருந்தார். பாருங்கள், அங்கே திட்டுத் திட்டாக இருக்கிறது."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் ஜன்னலில் ஒரு கூடு.
சுற்றி ஒரு முழம் விட்டுவிட்டு அடித்தாள்.
குஞ்சு பறந்தபின், ஆகஸ்டில் முடிக்கலாம்.
அப்போது யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன்.
"செப்டம்பர் வரை கப்பல் உண்டு."

கப்பல் ஊதியது.
டர்பன்டைன் நனைத்த துணி தந்தாள்.
விரல் சுத்தமானது. சட்டைக் கை ஆகவில்லை.

அட்டையைக் காட்டியதும் இயந்திரம்
என் பெயரைத் தப்பாக உச்சரித்து வரவேற்றது.
லிஃப்டில் ஒருவர் சொன்னார்:
"ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம்.
ஊரில் ஒன்றுமே இல்லை, இல்லையா?"
அவர் மார்பிலும் பதினான்கு.
என் சட்டைக் கையைப் பார்த்தார்,
கடுகு என்று நினைத்திருப்பார்.

பதினோராம் தளம். சேவல் அங்கேயே இருந்தது.
அதற்குக் கீழே தேடிக் கண்டுபிடித்தேன்:
மஞ்சள் சுவர், நடுவில் ஒரு முழம் பழைய வெள்ளை.
ஏணி அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்திருந்தது.
அடியில் யாரோ இரு கையாலும் பிடித்து நிற்கிறார்கள்,
நெஞ்சில் வெள்ளையாக ஏதோ ஓர் எண்.

கப்பல் மறுபடி ஊதியது.
கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள்.

கீழே நிற்பவர் திரும்பிப் பார்க்கவில்லை.