இரண்டு மணி பத்து நிமிடம்

நீம் நகரத்தில்
ரோமானியர் கட்டிய வட்டரங்கைச் சுற்றிவந்து
கீழ்வரிசை வளைவுகளை
ஒவ்வொன்றாய் எண்ணினேன்.
அதுதான் பிசகு.

"அடுப்பை அணைத்தாயிற்று" என்றாள் ஒதில்,
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தபடி.
இரண்டாயிரம் வருஷமாய்த்
திறந்தே கிடக்கிற கல்லுக்கு எதிரே
மதியச் சாப்பாடு மட்டும்
இரண்டு மணிக்குச் சாத்திவிடுகிறது.

வளைவு எண்ணிய கதையைச் சொன்னேன்.
சிரித்தாள்.
தனக்கென்று எடுத்துவைத்த கிண்ணத்தை
நடுவில் நகர்த்தினாள்:
ஊறவைத்த கருவாடு, ஆலிவ் எண்ணெய், பால்,
மசித்து மசித்து வெண்ணெயாய்.

"மீன் எங்களுடையதில்லை,
வடகடலிலிருந்து வரும்.
உப்புதான் இந்தப் பக்கத்தது."

இரண்டு கரண்டி. ஒரே ரொட்டி.
கவிழ்த்த நாற்காலிக் கால்களுக்கிடையே
வெயில்.

"சரி, மொத்தம் எத்தனை?" என்றாள்
கிண்ணத்தை வழித்துக்கொண்டே.

நாற்பதுக்கு மேல் நினைவில்லை.