ஷட்டர்

ஹெட்போனை மாட்டியதும்
தகரக் கொட்டகையை யாரோ ரோட்டில் இழுத்துப் போகிற சத்தம்.
வீரசெல்வியின் வாய் அசைகிறது,
சொல் ஒன்றும் வந்து சேரவில்லை.
தலைஞாயிறு தாண்டிக் கடைசி வாய்க்கால்.
ஆடி பதினாறு, பகல் பதினொன்று.

நான் கல்யாண வீடியோக்காரன்.
ஏ.சி. மண்டபம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு.
நாதஸ்வரம் கேட்டால் போதும், மிச்சத்துக்குப் பாட்டுப் போட்டு மூடிவிடலாம்.
பாசனச் சங்கத்தார் வந்து
பேசுவதைப் பதிவு செய்து ஆர்.டி.ஓ.விடம் கொடுக்கணும் என்றார்கள்.
முன்பணம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான்
காற்று ஞாபகம் வந்தது.

முபாரக் தயாராக வந்திருந்தான்.
மகளின் கரடிபொம்மையை வயிற்றில் கிழித்து
பஞ்சை எடுத்துவிட்டு, மயிர் வெளியே இருக்க
மைக்குக்குத் தைத்த சட்டை.
ஒரு கண் இன்னும் ஒட்டியிருந்தது.
"பிய்த்தால் ஓட்டை விழும்ணே.
ஓட்டை விழுந்தா காத்து உள்ளே வந்துடும்."
வீட்டில் என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

கேமராவுக்குப் பாலிதீன் உறை, ரப்பர் பேண்ட் மூன்று.
லென்ஸ் மட்டும் வெளியே,
பனிக்கு முக்காடு போட்ட ஆள் மாதிரி.
உள்ளே, மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்த
ஈரம் குடிக்கும் பொட்டலம் இரண்டு.
முக்காலி சாயாமல் இருக்க
யூரியாச் சாக்கில் மணல் கட்டித் தொங்கவிட்டோம்.
தெற்கே சதுப்பும் உப்பளமும்.
உதட்டை நக்கினால் காற்று எந்தப் பக்கமென்று தெரியும்.

கரடி பாதிதான் தாங்கியது.
அடி ஓசையை வெட்டும் பொத்தானை அழுத்தினேன்,
வீரசெல்வி போனில் பேசுகிற தூரத்து உறவாகிவிட்டாள்.
முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்காரச் சொன்னேன்,
முந்தானை எழும்பி முகத்தை மூடியது.
ஷட்டர் சுவரின் மறைவுக்குப் போனோம்.
அங்கே காற்று சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

"உள்ளே இறங்குவோமா?" என்றாள்,
கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

வாய்க்காலுக்குள் காற்றில்லை.
ஆளுயரக் கரை இரண்டு பக்கமும்,
பாளம் பாளமாய் வெடித்த தரை,
நடுவில் நத்தைக் கூடுகள்.
முக்காலி ஆடாமல் நின்றது.
ஹெட்போனில் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.
ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுத்தாலும் கிடைக்காத அமைதி.
"தண்ணி வந்திருந்தா
கேமரா போயிருக்கும்ணே" என்று முபாரக் சிரித்தான்.
பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

அவள் தேதி தேதியாகச் சொன்னாள்.
எந்தக் கிழமை முறை வைத்தார்கள்,
எந்த மதகில் பூட்டு,
விதைத்த நெல் எத்தனை மூட்டை, முளைத்தது எவ்வளவு.
அழவில்லை. ஒருமுறை மட்டும்
"பெருக்குக்கு இன்னும் ரெண்டு நாள்" என்று
யாரிடமோ சொல்வது போல.

போட்டுக் காட்டினேன்.
ஹெட்போனைக் காதில் அழுத்திக் கடைசி வரை கேட்டாள்.
"என் குரல்தான்.
ஆனா மெத்தை வீட்டு ரூமுக்குள்ள உக்காந்து
பேசின மாதிரில்ல இருக்கு.
ஆபீசர் நம்புவாரா?"

எனக்குத் தெரிந்த தொழிலில் அதற்குப் பதில் இல்லை.

கரையேறினோம்.
கரடிச் சட்டையைக் கழற்றி, வெறும் மைக்கை
ஷட்டரின் வாய்க்கு நேரே பிடித்தேன்.
முபாரக் வாட்சைப் பார்த்தான். ஒரு நிமிடம்.
நீர் விழ வேண்டிய இடத்தில்
முள் துடித்துத் துடித்துச் சிவப்புக்குப் போனது.
எந்தக் கடையில் கேட்டாலும் கெட்டுப்போன ஒலி என்பார்கள்.
குறைக்காமல் அப்படியே சேர்த்துக் கொடுத்தேன்.

இரவு தூரிகையால் உப்பைத் தட்டினேன்,
ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி.
உறையையும் மீறி ஒரு மணல் மட்டும்
ஜூம் வளையத்துக்குள் போய்விட்டது.

ஆவணியில், திருத்துறைப்பூண்டி மண்டபத்தில்
தாலி முடிச்சுக்கு அருகே போகும்போது
நறநறவென்றது.
கெட்டிமேளத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.