ஏனையவை

கொழும்பிலிருந்து வந்த படிவம்:
'துறைவாரியாக காபனீரொட்சைட்டு.'
கட்டங்கள் ஐந்து.
மின்சாரம், போக்குவரத்து, கைத்தொழில், விவசாயம், ஏனையவை.
பொகவந்தலாவைக்கு மேலே
மழை தகரத்தில் தட்டெழுதும் ஸ்டோர் ஆபிசில்
பேனையைத் திறந்து உட்கார்ந்தேன்.

லொறி டீசல் சுலபம்.
சுனிமல் கையெழுத்திட்ட துண்டுகள்
கம்பியில் குத்திக் கிடக்கின்றன, எண்ணெய்க் கறையோடு.
கரண்ட் போன மணித்தியாலங்களை
வாட்சர் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைத்திருக்கிறார்.
யூரியாவை மூட்டையாக எண்ணிப் போட்டேன்.

உலைக்கு எரித்தது எழுநூறு அந்தர் விறகு
என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பைப் பார்த்தால்:
'மரம் மீண்டும் வளரும்.
பூச்சியம் எனக் கொள்க.'

உலை வாயில் நிற்கும் மரியசூசை
இரவு முழுதும்
பூச்சியத்தை உள்ளே தள்ளுகிறான்.
விடிந்ததும்
பூச்சியத்தை இருமுகிறான்.

பின்னிணைப்பில் ஒரு வரைபடம்.
நாட்டின் கோடு ஏறி ஏறி வந்து
ஓரிடத்தில் பொத்தென்று சறுக்குகிறது.
பக்கத்தில் யாரோ பென்சிலில்
'நல்ல போக்கு' என்று குறித்திருக்கிறார்கள்.

அந்தச் சறுக்கலை எனக்குத் தெரியும்.
ஹட்டன் பெற்றோல் ஷெட் வாசலில்
மூன்று இரவு அதற்குள்தான் படுத்திருந்தேன்.
பவுசர் வரவில்லை.
பறித்த கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்தது.
வெறும் சிலிண்டரின் மேல் பிள்ளையை உட்கார வைத்து
யோகரஞ்சினி மிலாறு ஒடித்து அடுப்பு மூட்டினாள்.
வலி எடுத்த இந்திராவதியைக்
கம்பளியில் கிடத்தி எட்டுப் பேர் தூக்கி
மூன்று மைல் இறங்கினோம்.
அந்தப் பயணத்தின் உமிழ்வு
எட்டுப் பேர் மூச்சு, அவளுடையதும்.
பாலத்தருகே, பத்தாவதாக,
வீறிட்டுக்கொண்டு ஒன்று.

கோடு மறுபடி ஏறத் தொடங்கிய அன்று
வளைவில் லொறி உறுமியது கேட்டு
கைதட்டினோம்.
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.
கரும்புகை அவ்வளவு அழகாய் இருந்தது.

ஐந்தாம் கட்டம் இன்னும் வெறுமை.
தபால் பை நாலரைக்குப் போய்விடும்.
மரியசூசை வாசலில் வந்து நிற்கிறான்.
விறகு ஈரம், ஐயா, இன்றைக்குப் புகை கூடும் என்கிறான்.
எவ்வளவு கூடும்?
பேனையோடு கேட்கிறேன்.

பதில் சொல்லாமல்
கதவை அகலத் திறந்து விடுகிறான்.