ஜூலை ஒன்று

கப்பலூர் மில்லின் டைம் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம்.
நானூறு பேருக்காவது பிறந்தநாள் கொடுத்திருப்பேன்.

வைப்புநிதிப் படிவம். பிறந்த தேதி என்றொரு கட்டம்.
வெறுமையாக விட்டால் மதுரையிலிருந்து திரும்பி வரும்.
"புயலடிச்ச மார்கழி சார்" என்றாள் ஒச்சம்மாள்,
புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்க.
"தனுஷ்கோடி போச்சுல்ல, அந்த ராத்திரி."
வருஷம் கிடைத்துவிட்டது.
மற்றதற்குப் பேனாவின் பழக்கம்:
1-7-1964.

அவள் அப்பா மொக்கையன் காலத்தில்
பிடித்ததைத் திருப்பித் தருவதோடு சட்டத்தின் வேலை முடிந்தது.
செத்தால் பெண்டாட்டிக்கு மாதாமாதம் என்பது எழுபத்தொன்றில்.
மறுவருஷம் பணிக்கொடை, ஐந்து வருஷம் நிறைந்தால்.
நாலரையில் நிறுத்த வேண்டியவர்களின் பட்டியல்
மேலிருந்து வரும்.
தட்டச்சு செய்தவன் நான்.
உயிரோடிருப்பவனுக்கும் பென்ஷன் வேண்டும் என்று தோன்ற
தொண்ணூற்றைந்தாகிவிட்டது.
மொக்கையன் தொண்ணூற்றிரண்டிலேயே கணக்கை முடித்து வாங்கி,
இளையவள் கல்யாணத்தோடு அதையும் முடித்திருந்தார்.

"தத்தனேரிக்குப் போறேன்" என்றால்
"எந்தப் பக்கம்?" என்பார்கள் மில்லில்.
இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் ஒரே பஸ்.
சம்பளம் நூறு ரூபாய் கூடி வரம்பைத் தாண்டிய வருஷம்
துளசிராமுக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் அடைபட்டது.
ஊதிய உயர்வைத் திட்டி ஒரு மனிதர் அழுததை
அன்றுதான் பார்த்தேன்.

இப்போது பழைய சட்டங்களையெல்லாம்
நாலு மூட்டையாகக் கட்டிவிட்டார்களாம்.
எந்த மூட்டையில் இருக்கிறாளோ,
ஒச்சம்மாளின் மனு மூன்றாம் தடவையும் திரும்பியது.
ஆதாரில் 1-1-1962.
அங்கேயும் ஒருவனுக்குப் பேனாப் பழக்கம்.

சொக்கிகுளத்தில் சொன்னார்கள்: சாட்சி வேண்டும்.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினேன்:
ஒச்சம்மாள் பிறந்தது உண்மை.
தேதி என்னுடையது.
நோட்டரி இரண்டாம் வரியைப் பார்த்துவிட்டு
முத்திரையைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

"மார்கழின்னே மாத்திரலாமா?" என்றேன் வாசலில்.
"வேணாம் சார். ஜூலை ஒண்ணுக்குத்தான் பேத்தி கேக்கு வாங்குறா.
ஆயிரத்துச் சொச்சம் வருமாம் பென்சன்.
கேக்கே முந்நூத்தம்பது."

வருஷம் நூற்றிருபது கட்டினால்
ஓய்வுக்குப் பிறகும் தத்தனேரியில் மருந்து உண்டு.
அந்தப் படிவத்தையும் நீட்டினாள்.
மூன்றாவது கட்டம்.
பேனாவை அவளிடம் கொடுத்தேன்.
"நீங்களே போடுங்க சார்,
உங்களுக்குத்தான தெரியும்."