கிழமைத் தண்ணீர்

இந்த அறைக்குள் யார் வரவேண்டுமென்றாலும்
நான் நொய்யல் பாலத்தைக் கழற்றித் தூக்க வேண்டும்.
எட்டுக்கு நாலு பிளைவுட், கதவை மறித்து ஒரு வளைவு;
வேறு வழியில்லை.

ஊத்துக்குளி ஸ்டேஷனை ஒட்டி ஆறு ஓடாது.
நான்தான் இழுத்து வந்தேன்.
வேலிக்காத்தான் முழுக்க
ஓவர்லாக் மிஷினுக்கடியில் அள்ளிய பச்சைத் தூசி.
மண்ணுக்குச் சலித்த தேங்காய் நார்த்தூள்.
சென்னிமலைக்குத் தெர்மாக்கோல் பற்றாமல்
டிவி வந்த பெட்டியைப் பிரித்தேன்.
மூன்றாம் பாயிண்டில் நாலாவது கூட்ஸ் பெட்டி
தினம் கவிழும். தேய்த்தும் பார்த்தாயிற்று.

நேற்று வார்னிஷ் டப்பாவைத் திறந்து
"ஆத்துக்கு என்ன கலரு?" என்றேன்.
சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கும் சாந்தாமணி
கேட்டாள்:
"எந்தக் கெழமைத் தண்ணி வேணுங்க?"

சிரிக்கவில்லை.
பல்குச்சியில் ஒரு சொட்டு நேவி,
அரைச் சொட்டு மெரூன்,
தடுப்பணை ஓரம் கொஞ்சம் பஞ்சு.
நுரையாம்.
தள்ளி நின்று பார்த்து
"இது செவ்வாக்கெழமை" என்றாள்.

காய இரண்டு நாளாகும்.
பாலம் மொட்டைமாடியில்.
கதவு தாராளமாகத் திறக்கிறது,
காபி கூட உள்ளே வருகிறது.
ஊத்துக்குளியில் சிகப்பைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு
இன்னும் யாரும் காரணம் அறிவிக்கவில்லை.