வானின் விலை

பீட்டர்பரோவில் ஒரு கொட்டிலுக்குப் பின்னால்
எழுபத்திரண்டாம் ஆண்டு வான்.
கேட்ட விலை ஒன்பதாயிரம்.
காந்தமும் திருப்புளியும் டோர்ச்சுமாய்ப் போனேன்.

உப்புத் தின்றால் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.
எத்தனை பனிக்காலத்து வீதி உப்போ,
மழை பெய்தால் இதன் தளம் குடிக்கிறது.
கதவடியில் காந்தம் நிற்காமல் வழுக்கி விழுந்தது:
தகரமல்ல, பூச்சு.
கூரைத் துளைவழியே
வானுக்குள் வான் தெரிந்தது.

குறை சொல்லி விலை இறக்க வந்தவனுக்கு
டுவேன் வேலையே வைக்கவில்லை.
காயத்துக்குக் காயம் மஞ்சள் டேப்,
அதில் அவர் கையெழுத்து.
இங்கே ஓட்டை. இங்கே பொய்ப்பூச்சு.
பிரேக்கை நம்பாதே.

மனக்கணக்கில்
ஐயாயிரத்து இருநூறுக்கு வந்துவிட்டேன்.
பின்னிருக்கையைத் தூக்கினால்
சாக்குக்கு அடியில்
தொழிற்சாலையிலேயே பூட்டிய பெற்றோல் ஹீட்டர்,
முத்திரைகூட உடையாமல்.
அதற்கு மட்டுமே இரண்டாயிரம் தர
மொன்றியலில் ஆளிருக்கிறது.
அதன்மேல் டேப் இல்லை.

இருக்கையை மெல்ல இறக்கினேன்.
"பார்த்து முடிந்ததா?" என்றார்,
கோப்பியை நீட்டியபடி.
சீனிதான் போட்டிருந்தார்.
ஏனோ நாக்கில் உப்புக் கரித்தது.

அந்த டேப்பைக் கொஞ்சம் தாருங்கள் என்றேன்.