ஒன்பதாவது ஃபேடர்

கோப்ளி டிராம் திரும்பும் இடத்தில்
வெல்லோவின் கார் ஷெட்.
பதினாறு சேனல் மிக்ஸர், பாதி விலை.
ஒன்பதாவது ஃபேடர் மட்டும் கரகரக்கும்,
இப்போதே சொல்லிவிட்டேன் என்றான்.

மாரிகாவுக்கு வேண்டியது இரண்டே துளை:
குரலுக்கு ஒன்று, கிதாருக்கு ஒன்று.
உள்ளங்கை அகல இன்டர்ஃபேஸ் போதும்,
ரொட்டித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம்.
ஆனாலும் குனிந்தாள்.

பழுப்பேறிய டேப்பில் பேனா எழுத்து:
டிரம், டிரம், பேஸ்,
ஒன்பதில் ஹெல்வி.
அதன் தலை மட்டும் தேய்ந்து பளபளத்தது.

மெல்லப் பாடுவாளோ?

"எங்கே!
தொண்டையைத் திறந்தால் ஜன்னல் அதிரும்.
பாட்டு முடியுமட்டும்
குறைத்துக்கொண்டே இருப்பேன்."

இரவு, சமையலறை.
புதுப் பெட்டியில் இரண்டு துளை.
மாரிகா பாடினாள்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
கை குமிழ்வரை போனது.

எரியட்டும்.